பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த கதை

 

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியும் கையுமாக இருக்கிற நேரத்தில் வாசியுங்கள். உம்மாவிடம் கேட்டு, "எழுதுங்க மகள், நாலு பேருக்குப் பிரயோசனமாகட்டும்" என்று அவர் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

வாசிக்க முன் ஒரு சின்ன வேலை. கையைக் கழுவிவிட்டு, ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். உங்கள் விரல், உங்கள் வாய். மூன்றும் போகிறதா? போனால் அல்ஹம்துலில்லாஹ். போகவில்லை என்றால் இந்தப் பதிவைக் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

2023 பெப்ரவரி மாதம், ஒரு திங்கட்கிழமை. சுபஹுக்கு எழும்பி வுழூ செய்யப் போனேன். ஹட்டன் குளிர் உங்களுக்குத் தெரியும்தானே. வாய் கொப்பளிக்கத் தண்ணீரைக் கையில் ஏந்தினால் வாய் திறக்கவில்லை. குளிரில் விறைத்துப்போய் இருக்கும் என்று நினைத்து மறுபடியும் முயற்சி செய்தேன். இடது காதுக்கு முன்னால் யாரோ ஆணி வைத்து அடித்த மாதிரி ஒரு நோ. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. திறந்த அந்தக் கொஞ்சத்திலும் தாடை இடது பக்கம் சரிந்து போனது. பிரஷ்ஷை நேராக உள்ளே விட முடியவில்லை. சரித்து விட்டுத்தான் பல் தீட்டினேன். தொழுகையில் "ஆமீன்" சொல்ல ஏலவில்லை. "ஈமீன்" என்றுதான் வந்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அன்றைக்கு லீவு போடவில்லை. போட முடியாது. தோட்டப் பாடசாலையில் ஒரு டீச்சர் வராவிட்டால் இரண்டு வகுப்பு சும்மா இருக்கும். ஆறாம் தரத்துக்கு முதலாம் பாடவேளை தமிழ். வாசிப்பு. நான் முதலில் வாசிக்க வேண்டும், பிள்ளைகள் பின்னால் சொல்ல வேண்டும். நான் வாசித்ததைக் கேட்டு முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், ஒங்களுக்குப் பல்லு வலியா? ஏன் வாய மூடிக்கிட்டே பேசுறீங்க?" என்று கேட்டது.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் எழுத்துகளின் பிறப்பு என்று ஒரு பகுதியை மனப்பாடம் செய்தோம். அகரமும் ஆகாரமும் பிறக்க 'அங்காத்தல்' வேண்டும் என்று நன்னூலில் வரும். அங்காத்தல் என்றால் வாயைத் திறத்தல். பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோன சொல். அன்றைக்கு வகுப்பில் நின்றபோதுதான் அந்தச் சொல்லின் அருமை எனக்கு விளங்கியது. அங்காக்க ஏலாத ஆசிரியைக்குத் தமிழின் முதல் எழுத்தே வராது.

உண்மையில் இது திடீரென்று வந்த வருத்தம் இல்லை. இரண்டு வருடமாகவே வாயைத் திறக்கும்போது இடது பக்கம் 'டிக்' என்று சத்தம் கேட்கும். சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். "உம்மா, உங்கட வாய்க்குள்ள பேனை இருக்கா?" என்று மகன் பகிடி பண்ணுவான். காலையில் எழும்பினால் கன்னம் களைத்துப்போய் இருக்கும். நெற்றிப்பொட்டு வலிக்கும். காது அடைத்த மாதிரி இருக்கும்.

காதென்று நினைத்துக் காதுக்கு மருந்து விட்டேன். இரண்டு போத்தல். பிறகு பல்லென்று நினைத்து ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். எந்த ஊர், எந்தக் கிளினிக் என்று சொல்ல விரும்பவில்லை. அங்கே ஞானப்பல்லைப் பிடுங்கினார்கள். பல் போனது, காசு போனது, நோ போகவில்லை. பல் பிடுங்க வாயை அகலத் திறந்துகொண்டு நெடுநேரம் இருந்த பிறகு அந்தச் சத்தம் கூடினதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சித்தாலேப பூசினேன். பெனடோல் போட்டேன். மாமி ஹஸரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார். அந்த ஹஸரத்துக்கு அல்லாஹ் அருள் புரிவானாக. தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "வருத்தத்துக்கு மருந்து செய்றதும் சுன்னத்துதான், நல்ல டொக்டரிட்டக் காட்டுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மாமி தண்ணீரை மட்டும் தந்தார், அந்தச் செய்தியை நான் பூட்டுப்பட்ட பிறகுதான் சொன்னார்!

இந்த இரண்டு வருடம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அதற்குள்தான் இருந்தீர்கள். 2022இல் பெட்ரோல் வரிசை, கேஸ் வரிசை, பால்மா வரிசை. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளை மூடினார்கள். இவருடைய கடையில் சாமான் இல்லை, சாமான் இருந்தால் வாங்க ஆள் இல்லை. ஓட்டோக்காசு இல்லாமல் நானும் இன்னொரு டீச்சரும் சந்தியிலிருந்து மேலே தோட்டத்துக்கு நடந்து போனோம். பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் வந்து இரண்டாம் பாடவேளையில் மேசையில் தலை சாய்த்தார்கள். 2023 பெப்ரவரியில் கரண்ட் கட்டணம் 66 சதவீதம் கூடியது. எனக்குப் பூட்டுப்பட்டதும் அதே மாதம்தான்.

இதையெல்லாம் உம்மாவிடம் சொன்னால் ஒரே பதில்தான். "பல்லக் கடிச்சிக்கிட்டு இரிங்க மகள். அல்லாஹ் இருக்கான்." சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தை. வாப்பா மவுத்தான நேரம் உம்மா அப்படித்தான் இருந்தார். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் நான் நிஜமாகவே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியாது.

பக்கத்து அரசாங்க வைத்தியசாலையின் பல் பிரிவில் பார்த்துவிட்டுப் பேராதனைக்குத் துண்டு எழுதித் தந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் வைத்தியபீடத்தோடு சேர்ந்த போதனா வைத்தியசாலை. நாட்டின் முதலாவது பல் வைத்தியபீடம் அதுதான். விடியப் பஸ் ஏறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, கெலிஓயா என்று இறங்கிப் போனால் எட்டு மணிக்கு முன்பே வரிசை நின்றது.

பார்த்தவர் இளம் டொக்டர். சிங்களப் பிள்ளை. "கட்ட அரின்ன" என்றார். திறந்தேன். "தவ" என்றார். இன்னும் எங்கே திறக்க? ஒரு சின்ன ஸ்கேலை வைத்து அளந்தார். 22 மில்லிமீட்டர். வளர்ந்த ஒருவருக்குச் சாதாரணமாக 40க்கு மேல் இருக்க வேண்டுமாம்.

அடுத்து அவர் கேட்ட கேள்வி, "புலத் கனவத?" வெற்றிலை சாப்பிடுவீர்களா என்று.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். நான் டீச்சர், என்னைப் பார்த்தால் வெற்றிலை போடுகிறவள் மாதிரியா இருக்கிறது என்று மனதுக்குள் ஓடியது. "நே" என்றேன் கொஞ்சம் கடுமையாக. அவர் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. கன்னத்தின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் விரல் வைத்துத் திறந்து மூடச் சொன்னார். கன்னத் தசையை அழுத்தினார். எனக்கு உயிர் போய் வந்தது. கண்ணாடியைத் தந்து நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கின் ஓரம் முழுக்க பல்லின் அச்சு, பிஸ்கட்டின் ஓரம் மாதிரி.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். தமிழ் தெரிந்த தாதி அதை எனக்குச் சொன்னார். "இப்ப, இந்த நிமிஷம், உங்கட மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொண்டு இருக்கா, விலகி இருக்கா?"

ஒட்டித்தான் இருந்தது. இறுக்கமாக.

"ஏன்? ஒன்றும் சாப்பிடவில்லையே?" என்றார் டொக்டர்.

எனக்குப் பதில் இல்லை. பல் சேர்ந்துதானே இருக்க வேண்டும் என்று முப்பது வருடத்துக்கு மேலாக நினைத்திருந்தேன். சும்மா இருக்கும்போது உதடு மூடி இருக்கலாம், பற்கள் முட்டக் கூடாதாம். சாப்பிடும்போது, விழுங்கும்போது மட்டும் முட்டினால் போதும். மற்ற நேரமெல்லாம் அந்தத் தசைகளுக்கு ஓய்வு. நான் கொப்பி திருத்தும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, கடன் கணக்குப் பார்க்கும்போது, தூக்கத்தில் எல்லாம் பல்லை இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். அங்கே ஒன்று அசைகிறதே, அதுதான் தாடை மூட்டு. கதவின் பிணைச்சல் மாதிரி சுழலவும் செய்யும், மேசை லாச்சி மாதிரி முன்னால் வழுக்கிப் போகவும் செய்யும். அந்த இரண்டு எலும்புக்கும் நடுவில் குஷன் மாதிரி ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. அது இடம் விலகி, வாய் திறக்கும்போது திரும்ப இடத்துக்கு வந்து விழுவதுதான் அந்த 'டிக்' சத்தம். ஒருநாள் அது திரும்பி வராமல் முன்னாலேயே நின்றுவிட்டால், கதவுக்கு அடியில் துணி சிக்கிய மாதிரி. திறக்காது. எனக்கு நடந்தது அதுதான். சத்தம் மட்டும் இருந்து, நோவும் இல்லை, பூட்டுப்படவும் இல்லை என்றால் அநேகமாக வைத்தியமே தேவையில்லை என்றும் சொன்னார்.

"ஒப்பரேஷனா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். ஒப்பரேஷன் இல்லை, பல் பிடுங்கல் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு எளிய வைத்தியத்திலேயே குணமாகும் என்றார்.

பிறகு வீட்டுக்கு வந்து நானும் தேடி வாசித்தேன். 1934ஆம் ஆண்டு ஜேம்ஸ் கோஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வைத்தியர், காதுவலி, காதடைப்பு, தலைவலி போன்றவற்றைத் தாடை மூட்டோடு சேர்த்து எழுதியிருக்கிறார். கடைவாய்ப் பற்கள் இல்லாமல் போவதுதான் காரணம் என்பது அவருடைய எண்ணம். அதற்குப் பிறகு நெடுங்காலம் பல்லைத் தேய்த்துச் சரிசெய்வதுதான் வைத்தியம் என்று உலகம் நம்பியிருக்கிறது. இப்போது அப்படியில்லை. திரும்பப் பெற முடியாத எதையும் முதலில் செய்யாதே என்பதுதான் இன்றைய வழி. என் ஞானப்பல்லை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

அன்றைக்குப் பேராதனையில் இன்னொன்றும் நடந்தது.

இரவில் போடும் கவசத்துக்குப் பல் அச்சு எடுக்க வேண்டும், காத்திருங்கள் என்று வாங்கில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஓர் அம்மா. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். பேச ஆரம்பித்தோம். அவர் பேசுவதும் என்னைப் போலத்தான் இருந்தது. உதடு அசைகிறது, வாய் திறக்கவில்லை.

"உங்களுக்கும் மூட்டுல பிரச்சினையா அக்கா?" என்று கேட்டேன்.

"மூட்டு இல்ல டீச்சர். கன்னம் உள்ளுக்கு இறுகிப் போச்சாம். பாக்கு போட்டுப் போட்டு."

அவருக்கு இரண்டு விரல்கூடப் போகாது. முதலில் காரம் எரிந்ததாம். பிறகு சோற்றுக் கவளம் சின்னதானது. வயது போனால் அப்படித்தான் என்று இருந்துவிட்டார். மலையில் நிற்கிற நேரம் குளிருக்கும் பசிக்கும் ஒரு வாய் வெற்றிலை போட்டால் மத்தியானம் வரை ஓடிவிடும் என்றார். அன்றைக்குக் கிளினிக்குக்கு வந்ததால் ஆயிரம் ரூபாய் பேர் இல்லை, பஸ் காசு வேறு. "இத்தனை நாள் ஏன் காட்டல்ல?" என்று டீச்சர் புத்தியில் கேட்டுவிட்டேன்.

"வாயி தொறக்காட்டி என்னா டீச்சர். நமக்கு எங்க வாயத் தொறக்க விடுறாங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பும் பாதிதான் வந்தது.

டொக்டர் ஏன் என்னிடம் வெற்றிலையைக் கேட்டார் என்று அப்போதுதான் விளங்கியது. வாய் திறக்கவில்லை என்று மலையகத்திலிருந்து ஒருவர் வந்தால் அவர்கள் முதலில் பயப்படுவது அதற்குத்தான். பாக்கினால் கன்னத்தின் உள்தோல் நார் நாராகி இறுகும் வருத்தம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே போதும். இறுகினது பழையபடி இளகாது. சிலருக்கு அது புற்றுநோயாக மாறலாம். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டது. நமது நாட்டு ஆண்களுக்கு மிக அதிகமாக வருவது வாய்ப்புற்றுநோய்தான். நமது கடைகளில் பாக்கு இன்னும் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் தொங்குகிறது.

என் வைத்தியத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். இது எனக்குச் சொன்னது. உங்களுக்கு உங்கள் டொக்டர் சொல்வதுதான் சரி.

முதல் ஆறு கிழமை மென்மையான சாப்பாடு. சொதியில் ஊறிய இடியப்பம், குழைந்த சோறும் பருப்பும், தேத்தண்ணியில் நனைத்த பாண். கோதுமை ரொட்டி, மாட்டிறைச்சி, கடலை, சோளம், மாங்காய் எல்லாம் தடை. சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துவாயை இரண்டு கன்னத்திலும் பதினைந்து நிமிடம், காலையும் இரவும். நோவுக்குச் சில நாள் மட்டும் மாத்திரை, சாப்பிட்ட பிறகு. கொட்டாவி வந்தால் முஷ்டியை நாடிக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டு சமைக்கக் கூடாது. குப்புறப் படுக்கக் கூடாது. சூயிங்கம் கூடவே கூடாது. கண்ணாடி முன் நின்று, தாடை சரியாமல், மெதுவாகத் திறந்து மூடும் பயிற்சி, ஒரு நாளைக்குப் பல தடவை. மூன்று கிழமை கழித்து இரவுக் கவசம் கிடைத்தது. மேல் பல்லுக்குப் பொருந்தும் கண்ணாடி மாதிரியான ஒரு தட்டு. முதல் இரவு மகன் பார்த்துவிட்டுப் பயந்து போர்வைக்குள் போய்விட்டான்.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் உதவியது ஒரு பைசா செலவில்லாத ஒன்று. நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று டொக்டர் காட்டித் தந்தார். அதை நான் தமிழ் டீச்சராக இப்படிக் கண்டுபிடித்தேன். 'ன்' என்று சொல்லிப் பாருங்கள். றன்னகரம். நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் தொட்டு நிற்கும். அப்படியே நிறுத்துங்கள். பல் தானாக விலகிவிடும். 'ன்' நிலையில் இருந்துகொண்டு பல்லைக் கடிப்பது கஷ்டம். கொப்பிக் கட்டின் மேலே, அடுப்படியில், அலுமாரிக் கண்ணாடியில் எல்லாம் சின்னத் துண்டில் 'ன்' என்று எழுதி ஒட்டினேன். இவர், "என்ன, கடைசி எழுத்து மட்டும் எழுதி வச்சிருக்கீங்க, முதல் எழுத்துகள் எங்க?" என்று கேட்டார்.

மார்ச் கடைசியில் நோன்பு பிடித்தது. எனக்கு அந்த வருட நோன்பு ரஹ்மத்துதான். நோன்புக் கஞ்சியை விட மென்மையான சாப்பாடு உலகத்தில் வேறென்ன இருக்கிறது! நோன்பு திறக்க எல்லோரும் உம்மா வீட்டில் இருந்தோம். மகன் சம்பலைத் தொட்டுவிட்டு, "உம்மும்மாட சம்பல்ல உறைப்பே இல்ல" என்றான். என் தம்பியும், "ரெண்டு வருஷமா உம்மாட கறியில உறைப்பில்லத்தான்" என்றான். பேரப்பிள்ளைகளுக்காகக் குறைத்துச் சமைக்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நான் உம்மாவைப் பார்த்தேன். கையில் உள்ளங்கை அகல ரோல்ஸ். அதைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கஞ்சியில் போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

பொகவந்தலாவை அம்மா என் கண் முன்னால் வந்து நின்றார். முதலில் காரம் எரியும். பிறகு கவளம் சின்னதாகும்.

என் உம்மா வெற்றிலை போடுகிறவர். வாப்பா தோட்டத்துக் கடையில் இருந்த காலத்தில் லயத்துப் பெண்களோடு உட்கார்ந்து பழகியது. நாற்பது வருடப் பழக்கம். பேராதனையில் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து அந்தக் கதையை உம்மாவிடமே சொன்னேன். உம்மா "பாவம்" என்றார். பாக்கை வெட்டிக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஒரு மாதம் போயிருந்தது. என் 22 மில்லிமீட்டரைக் கண்ணாடியில் ஒவ்வொரு நாளும் அளந்த நான், உம்மாவின் வாயைப் பார்க்கவில்லை.

தராவீஹுக்கு எல்லோரும் போன பிறகு உம்மாவைக் குசினியில் பிடித்தேன். "உம்மா, மூணு விரல வச்சிக் காட்டுங்க." மாட்டேன் என்றார். பகிடி பண்ணினார். நான் விடவில்லை. இரண்டு விரலே நெருக்கித்தான் போனது.

"எவ்வளவு நாளா?"

"ஒண்ணுமில்ல மகள். வயசு போனா அப்படித்தான்."

"எரியுதா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "உங்களுக்கு இருக்கிற கஷ்டத்துல இதையும் எதுக்குச் சொல்ற என்டு நானும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்."

அதே வார்த்தை.

பெருநாள் முடிந்த கிழமை உம்மாவைக் கூட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் பேராதனை போனேன். கன்னத்தில் சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் வரை இருந்த நாட்களை எழுத எனக்கு ஏலாது. 'ன்' துண்டுகள் வீடு முழுக்க இருந்தும் பல்லைக் கடித்தேன். முடிவு வந்தது. பாக்கினால் வந்த இறுக்கம்தான். புற்றுநோய் இல்லை. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் கதை சுபம் என்று முடித்துவிட ஏலாது. எனக்கு நான்கு மாதத்தில் 40 மில்லிமீட்டர் வந்துவிட்டது. சத்தம் எப்போதாவது கேட்கும். பரீட்சைக் காலத்தில் கன்னம் கனக்கும். கவசத்தைப் போட்டுக்கொள்வேன். அவ்வளவுதான். உம்மாவுக்கு அப்படியில்லை. திறந்த அளவு திறந்ததுதான், பயிற்சியால் கொஞ்சம் கூடியது. தவறாமல் போய்க் காட்ட வேண்டும், வாழ்நாள் முழுக்க. பாக்கை விடுவது லேசாகவும் இருக்கவில்லை. இரண்டு தடவை ஒளித்துப் போட்டுப் பிடிபட்டார். கராம்பும் ஏலக்காயும் வாயில் போட்டுப் பார்த்தார், அது எரிந்தது, விட்டுவிட்டார். கடைசியில் தஸ்பீஹைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த நேரத்தைக் கழிக்கிறார். இப்போது இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. சம்பலில் உறைப்பு இன்னும் வரவில்லை. நாங்களும் கேட்பதில்லை.

உம்மாவின் சபூரை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பொறுமைதான் எங்களை வளர்த்தது. ஆனால் நோவைச் சொல்லாமல் இருப்பதும் பொறுமையும் ஒன்று என்று எங்கள் வீட்டில் யாரோ எப்போதோ கலந்துவிட்டார்கள். ஐயூப் நபி பொறுமைக்கு உதாரணம். அவரும் தன் துன்பத்தை அல்லாஹ்விடம் வாய் திறந்து சொன்னவர்தான். இதை நான் உம்மாவிடம் சொன்னபோது, "அது சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் பாடசாலையில் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதிபரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி மூன்று விரல் கணக்கைக் காட்டினேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மண்டபம் அமைதியானது. இரண்டு அம்மாமாரும் ஓர் அப்பாவும் கூட்டம் முடிந்த பிறகு தனியாக வந்தார்கள். ஒருவர் போய்க் காட்டிவிட்டார். மற்ற இருவரையும் நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு நாள் பேர் போகும் என்று சொல்கிறவரிடம் நான் என்ன பதில் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

கடைசியாக நான்கு விஷயம்.

காதுக்கு முன்னால் நோ, சத்தம், காலையில் கன்னக் களைப்பு, நெற்றிப்பொட்டு வலி இருந்தால் தாடை மூட்டையும் நினையுங்கள். முதலில் பல் பிரிவில் காட்டுங்கள். அவசரப்பட்டுப் பல்லைப் பிடுங்கவோ தேய்க்கவோ கொடுக்காதீர்கள்.

மூன்று விரல் போகாவிட்டால், காரம் எரிந்தால், கன்னத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ மாறாத புண் இருந்தால், வெற்றிலை போடுகிறவரோ இல்லையோ, இந்தக் கிழமையே காட்டுங்கள். பல் வைத்தியரிடம் வெற்றிலைப் பழக்கத்தை மறைக்காதீர்கள். அவர் ஏச மாட்டார்.

கொட்டாவி விட்டு வாய் மூடாமல் நின்றுவிட்டால் அது வேறு. தாடை நழுவியிருக்கிறது. வீட்டில் யாரும் இழுக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. அதைப் பொருத்துவது பழைய வித்தை. ஆயிரம் வருடத்துக்கு முன் ஸ்பெயின் நாட்டின் குர்துபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவி தன் அறுவைச் சிகிச்சை நூலில் அதற்கென்று தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். தெரிந்த கை செய்ய வேண்டிய வேலை.

தாடை நோவோடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது தாடையே இல்லை, இதயமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

இன்றைக்கு உங்கள் உம்மாவிடம், அம்மாவிடம், மாமியிடம் மூன்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். "எனக்கு ஒண்ணுமில்ல" என்பார்கள். விட்டுவிடாதீர்கள்.

உம்மாவுக்கு அடுத்த கிளினிக் வருகிற மாதம். துஆ செய்யுங்கள்.